பருப்பு வேகும் தண்ணீர்

துபாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ரூமில் எட்டுப் பேர், எல்லாருக்கும் காது உண்டு.

பாலாற்றோர நிலத்தை மனை போடக் கேட்கிறார்கள், சென்ட்டுக்கு நல்ல விலை என்றீர்கள். வந்த புதிதில் கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பேன். அப்போது எதைப் பார்த்தாலும் ரூபாயாகப் பெருக்குவேன். ஒரு திர்ஹாம் தண்ணீர் பாட்டில் வாங்கவே மனசு வராது.

இங்கே எனக்குப் பம்பு ரூம் வேலை. மாடி மாடியாக ஏற்றுவதெல்லாம் கடல் தண்ணீர்தான், ஜெபல் அலியில் உப்பை எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் கிணற்றில் இறங்கிய உப்பு ஞாபகம் வருகிறது. தோல் பதனிடும் டேனரிகளில் பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, கழுவிவிட்ட தண்ணீரோடு கிணறு வரைக்கும் வந்துவிட்டது. ஆயா தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்காது, துவரம்பருப்பை உலையில் போட்டுத்தான் பார்க்கும். தன் காலத்து வட ஆற்காட்டில் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பருப்பு மசிந்துவிடும் என்று சொல்லும். எனக்கு நினைவு தெரிந்து, கரண்டியால் அழுத்தினால் பருப்பு உருண்டு ஓடும்.

டேனரிக் கழிவு வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, அப்புறம் நஷ்ட ஈடு கணக்குப் போட்டார்களே. 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம். பம்பு ரூமில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. கிணற்றுக்கு அதுதான் விலை என்றால், சென்ட் விலையை மட்டும் எப்படி நம்புவது? அதற்காக டேனரியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. மாமா அங்கே நின்று வாங்கிய சம்பளத்தில்தான் நான் ஐடிஐ படித்தேன், பாஸ்போர்ட் எடுத்தேன்.

விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வெயிலில் நிற்பது நீங்கள். ஆனால் 2021 வெள்ளத்தில் கிணறு நிரம்பியதே, அதற்கப்புறம் அந்தத் தண்ணீரை யாராவது அடுப்பில் வைத்தோமா? கேன் தண்ணீரே பழகிவிட்டது. புரோக்கருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு குடம் இறைத்து, அம்மாவை ஒரு ஆழாக்குப் பருப்பு வேகவைக்கச் சொல்லுங்கள். குக்கரில் வேண்டாம், பாத்திரத்தில். யாரும் சாப்பிட வேண்டாம், பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் அடுத்த ஞாயிறு போனில் சொல்லுங்கள்.

உங்கள் மகன்