நாற்றின் வேரையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அருமண் தனிமங்கள் (லாந்தனம், சீரியம் போன்ற உலோகங்கள்) என்றாலே காந்தம், கைபேசி, பேட்டரி வண்டி என்றுதான் பேச்சு போகிறது. பயிரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

'அரு' என்ற பெயர்தான் அரிது என்கிறது, சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. சீனாவில் 1980களிலேயே லாந்தனம், சீரியம் கலந்த உரங்களை வயலில் போட ஆரம்பித்துவிட்டார்கள். துளியளவு கொடுத்தால் நாற்றின் வேர் நீள்வதும் இலையில் பச்சை கூடுவதும் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சரி, அளவு மீறினால்? முதல் அடி வேர் நுனிக்குத்தான். நீளாமல் தடித்துப் பழுப்பேறி, பக்கவேர் விடாமல் குட்டையாக நின்றுவிடும். உறிஞ்சியதில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுவதால் இலையை மட்டும் பார்ப்பவருக்குச் சட்டென்று பிடிபடாது.

லாந்தனம் அயனி கிட்டத்தட்ட கால்சியம் அயனியின் பருமன் கொண்டது. அதனால் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. பாஸ்பேட்டோடு சேர்ந்தாலோ கரையாத உப்பாகப் படிந்துவிடும். அப்புறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பக்கத்திலேயே இருந்தும் நாற்றுக்கு எட்டாது.

பயிருக்கு இன்றியமையாத சத்துகளின் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 'ஊட்டம்' என்ற பெயரில் விற்பது எனக்கு உறுத்துகிறது. பாஸ்பேட் உரம் தயாரிக்கும் பாறையிலும் இவை கொஞ்சம் உண்டு, ஆகவே கேட்காமலே வயலுக்குப் போய்ச் சேர்கின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவை அச்சிடும் உரப்பையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாமே?

- ஒரு வாசகர்