சுடாத விண்வெளி விளையாட்டு ஒன்று விடுபட்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்வெளி வீடியோ கேம்களின் வரலாறு பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, 1962-ல் எம்.ஐ.டி.யில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டிலிருந்து நேராக 1979-ன் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ விளையாட்டுக்குத் தாவிவிட்டது. இரண்டிலும் சுடுவதே வேலை. நடுவில், சுடவே தேவையில்லாத ஒரு விளையாட்டு, நிலவில் விண்கலத்தை மோதாமல் மெதுவாக இறக்கும் விளையாட்டு, விடுபட்டுவிட்டது. இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர், டெக் நிறுவனத்தின் பி.டி.பி-8 கணினியில் அந்த இறக்கத்தையே ஒரு நிரலாக எழுதிவிட்டார். படம் கிடையாது, டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் எண்களை அச்சடிக்கும். உயரம் 120 மைல், வேகம் மணிக்கு 3,600 மைல். பத்து வினாடிக்கு ஒருமுறை, எரிபொருளை எந்த வீதத்தில் எரிப்பது என்று கேட்கும். வினாடிக்கு 8 முதல் 200 பவுண்டு வரை சொல்லலாம், அல்லது பூஜ்யம்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒரு மாணவியைக் கணினியின் இடத்தில் உட்காரவைத்து வகுப்பில் ஆடியிருக்கிறோம். மணிக்கு 3,600 மைல் என்றால் வினாடிக்கு ஒரு மைல். மோதுவதற்கு இரண்டு நிமிடம்கூட இல்லை என்று தெரிந்ததும், ‘உடனே எரி’ என்று எல்லோரும் கத்துவார்கள். பாடம் அங்கேதான் தொடங்கும். சீக்கிரமே வேகத்தைக் குறைத்தால் இறங்க நேரமாகும். அவ்வளவு நேரமும் நிலவு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பைத் தாங்குவதிலேயே எரிபொருள் கரைந்துவிடும். பொறுத்திருந்து, கடைசியில் முழு வீதத்தில் எரிப்பதே சிக்கனம். அதோடு, எரிபொருள் தீரத் தீரக் கலம் இலேசாகிறது. தொடக்கத்தில் மந்தமாகப் பிரேக் பிடித்த அதே 200 பவுண்டு, முடிவில் வெடுக்கென்று பிடிக்கும். மாறும் நிறை பற்றிய அத்தியாயத்தை வேண்டாவெறுப்பாகப் படித்தவர்கள்கூட அன்று மணியடித்த பிறகும் வாதாடினார்கள். ஒரு பள்ளி மாணவர் டெய்லர் தொடர் என்ற தோராயக் கணக்கு முறையைக் கொண்டு இதையெல்லாம் அந்தச் சின்ன நிரலுக்குள் அடக்கியிருக்கிறார்!

டெக் நிறுவனத்தில் இருந்த டேவிட் ஆல் அதை பேசிக் என்ற எளிய நிரல் மொழிக்கு மாற்றிப் பரப்பினார். 1973-ல் ஜாக் பர்னஸ், திரையைத் தொட்டு இயக்கும் ஒளிப்பேனாவுக்கு ஏற்றபடி கோட்டுப் படங்களோடு எழுதினார். 1979-ல் அட்டாரியின் ‘லூனார் லேண்டர்’ வந்தது. தங்கள் கட்டுரை கொண்டாடும் ஆஸ்டராய்ட்ஸ், லூனார் லேண்டருக்காக உருவான, கோடுகளால் படம் வரையும் வெக்டர் வன்பொருளைக் கொண்டே பிறந்தது. பிறகு ஆஸ்டராய்ட்ஸ் விற்பனை சூடுபிடித்து, லூனார் லேண்டர் தயாரிப்பே நின்றுபோனது. அந்தக் கதையில்லாமல் வரலாறு எப்படி முழுமையாகும்?

2024-ல் ஒரு நிரலாளர் ஸ்டோரரின் மூல நிரலை ஆராய்ந்து, ஒரு வர்க்கமூலத்துக்குள் இரண்டால் வகுக்க வேண்டியது விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். 55 ஆண்டுகளாக யாருடைய கண்ணிலும் படாத பிழை அது.

தங்கள் மாணவர் பக்கத்தில் இந்தக் கணக்கை வெளியிட வேண்டுகிறேன். மேலே சொன்ன எண்களோடு இவை போதும்: கலத்தின் மொத்த எடை 32,500 பவுண்டு, அதில் எரிபொருள் 16,000 பவுண்டு, நிலவின் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.001 மைல், வாயு வெளியேறும் வேகம் வினாடிக்கு 1.8 மைல். கணினி இல்லாத பிள்ளைகளும் காகிதத்திலேயே இறங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்