அழாத குழந்தையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஆனி மாதம் என் ஆறு வயது மகளுக்கு தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் டான்சில் ஆபரேஷன் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் காரிமங்கலத்துப் பையன் ஒருவன் வார்டே அதிரும்படி அழுதான், எல்லோரும் அவனைச் சுற்றித்தான் நின்றார்கள், ஒரு சிஸ்டர் கையுறையை ஊதி பலூன் கட்டிக் கொடுத்தார். என் மகள் அழவே இல்லை. "பாப்பா எவ்ளோ சமத்து" என்றார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை கவுனின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போகும் அளவுக்கு இறுக்கிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் நான்கு தடவை ஒன்றுக்கு வருகிறது என்றாள், கூட்டிப்போனால் வரவில்லை. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அதெல்லாம் பயம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் குறை ஒன்றும் இல்லை. மயக்கம் தெளிந்ததும் என்னை யாரோ போலப் பார்த்து உதைத்துக் கத்தினாள். அப்புறம் பத்து நாள் படுக்கையை நனைத்தாள், லைட்டை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மறுபடி காட்டப் போனபோது மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் ரொம்பப் பயந்த பிள்ளைகளுக்கு இப்படி வருவது உண்டு, அழுகிற பிள்ளையின் பயம் தெரிந்துவிடும், வாயடைத்துப் போகிற பிள்ளையினுடையதுதான் தப்பிவிடும் என்றார். இதைக் கண்டுபிடிக்க யேல் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு அளவுகோலே 1990களிலிருந்து இருக்கிறதாம். பிள்ளை விளையாடுகிறதா, பேசுகிறதா, முகம் எப்படி இருக்கிறது, மிரண்டு மிரண்டு பார்க்கிறதா, அப்பா அம்மாவிடம் ஒட்டுகிறதா விலகுகிறதா என்று இந்த ஐந்தையும் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தாலே போதும். பயம் அதிகம் என்று தெரிந்தால் முன்கூட்டியே வாய்வழியாக மருந்து கொடுத்து அமைதிப்படுத்தவும் முடியும், அதை டாக்டர் முடிவு செய்வார்.

என் தப்பும் இருக்கிறது. "சும்மா போட்டோ எடுப்பாங்க கண்ணு" என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனேன். முகத்தில் மாஸ்க் வைப்பார்கள், ஒரு மாதிரி வாசனை வரும், தூங்கிவிடுவாய், எழும்போது தொண்டை வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர்களுக்கு டாக்டர் சொன்ன அந்த ஐந்தையும் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். அரசு, தனியார் எதுவானாலும் ஆபரேஷனுக்கு முதல் நாளே அந்த மாஸ்க்கைக் குழந்தையின் கையில் கொடுத்து விளையாட விடலாம், தியேட்டர் கதவு வரைக்குமாவது அம்மாவையோ அப்பாவையோ கூட விடலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. அடுத்த மாதம் என் தங்கை பையனுக்கு குடலிறக்க ஆபரேஷன், அவனும் அதிகம் பேசாத பிள்ளை. அவனை யாராவது ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்