விடுதி நலன்புரிச் சங்கம், திருகோணமலை: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், போசகர்களுக்கும், அதிபர், விடுதிப் பொறுப்பாசிரியர் ஆகியோருக்கும், பெற்றோருக்கும், இன்று வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வழமையான நிகழ்வுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் விடுதி முற்றத்தில் நடந்தது. விபுலானந்த அடிகளின் நினைவு நாள் ஜூலை 19ஆம் திகதி மாணவர் பேச்சுகளுடன் அனுட்டிக்கப்பட்டது. சரஸ்வதி பூசைக்கு அவலும் கடலையும் பழங்களும் உபயமாகத் தந்த வர்த்தகர்களுக்கு நன்றி. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கும் நவம்பர் பொதுத் தேர்தலுக்கும் பாடசாலை மண்டபம் எடுக்கப்பட்டதால் பிள்ளைகள் வீடுகளுக்குச் சென்று திரும்பினார்கள். சிரமதானமும் நடந்தது.

இந்த ஆண்டின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது சிரங்கு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், சங்கத்தின் பணம் இதற்காகவே செலவானது. அந்தச் செலவைப் பற்றியே பின்னர் பலவிதமாகப் பேசப்பட்டது.

இரண்டாம் தவணை தொடங்கிச் சில வாரங்களில், சிறுவர்களின் படுக்கை மண்டபத்தில் இரவு முழுவதும் சொறியும் சத்தம் கேட்பதாக மேற்பார்வையாளர் அறிவித்தார். கூடுதலாக அவதிப்பட்ட சிலரை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். பூச்சுமருந்து கிடைத்தது, ஆறினார்கள். ஒரு மாதம் செல்வதற்குள் மீண்டும் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து விளக்கிய பிறகுதான் காரணம் தெளிவானது. தோலுக்குள் துளைத்துச் சென்று முட்டையிடும் மிகச் சிறிய உண்ணியே இந்த நோயைத் தருகிறது. முதன்முறையாகத் தொற்றிய ஒருவருக்குச் சொறி தொடங்க 2 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை நலமாக இருப்பதாக நாம் நினைக்கும் பிள்ளை, பக்கத்தில் படுப்பவனுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். சொறிகிறவர்களுக்கு மட்டும் மருந்து பூசி வந்தால் நோய் மண்டபத்தைச் சுற்றி வரும், வெளியே போகாது. எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும் என்றார்.

பிள்ளைகள் ஒழுங்காகக் குளிப்பதில்லை, அதனால்தான் இது வந்தது என்று ஒரு சிலர் சொன்னார்கள். அது அநியாயமான பேச்சு. நெருங்கிப் படுப்பதால் பரவும் நோய் இது. அப்படியானால் நமது பிள்ளைகள் ஏன் நெருங்கிப் படுத்தார்கள்? படுக்கை மண்டபத்தின் கிழக்குப் பாதியில் கூரை பல ஆண்டுகளாக ஒழுகுகிறது. வடகீழ்ப் பருவ மழைக்காக மேற்குப் பாதிக்கு நகர்த்திய கட்டில்கள் மழை முடிந்தும் அங்கேயே நின்றன. இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு மூன்று பேர் படுத்தார்கள். துவாயும் ஒன்று, தலையணையும் ஒன்று. கூரை ஒழுகியது, கட்டில்கள் நெருங்கின, சிரங்கு வந்தது. கூரைத் திருத்தத்தைக் கட்டடக் குழுவும் நோயைச் சுகாதாரக் குழுவும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றுவரை இரண்டும் முடிந்திராது.

இதை விளக்கி நிருவாகக் குழுக் கூட்டத்தைக் கூட்டினேன். கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேரவில்லை. மறுபடி கூட்டினேன். அப்போதும் சேரவில்லை. பிள்ளைகள் இரவில் உறங்காமல் இருக்கும்போது இன்னுமொரு அறிவித்தல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. தலைவரின் சம்மதத்தைப் பெற்று, கட்டட நிதியிலிருந்து மருந்து, தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வாங்கினோம். கிழக்குப் பாதியில் உடைந்த ஓடுகளும் உளுத்துப்போன சிலாகைகளும் மாற்றப்பட்டன. கட்டில்கள் இடைவெளி விட்டுப் போடப்பட்டு, ஒவ்வொன்றிலும் அதற்குரிய மாணவனின் பெயர் ஒட்டப்பட்டது.

மருந்து பூசிய அன்று மூதூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் தாய்மார் வந்து சேர்ந்தார்கள். வாடகைக்கு எடுத்த கிடாரங்களில் துணிகளை அவித்தோம். துவைக்க முடியாதவற்றைப் பொலித்தீன் பைகளில் கட்டி மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருந்தோம், மனித உடலை விட்டால் அந்த உண்ணி அதற்கு மேல் தாங்காது. சிரங்கு வீட்டிலிருந்து திரும்பவும் வந்துவிடக் கூடாது என்பதால், தேவைப்பட்ட குடும்பங்களுக்கும் மருந்து பெற்றுக்கொடுக்க வழி செய்யப்பட்டது. மூன்றாம் தவணையில் ஒரு பிள்ளைக்கும் சிரங்கு வரவில்லை.

குழுவின் அனுமதியில்லாமல் செயலாளர் செலவு செய்தார் என்று வட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டது. பற்றுச்சீட்டுகள் அனைத்தும் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். எழுதியவர்களில் எவரும் அந்த இரண்டு கூட்டங்களுக்கும் வந்திருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நவம்பரில் அந்தக் கூரையின் பயன் தெரிந்தது. உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி தொடங்கி, சீரற்ற காலநிலையால் 27ஆம் திகதியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் மழை என்றால் மூதூருக்கும் வெருகலுக்கும் வெள்ளம். பரீட்சை எப்போது தொடங்கும் என்று தெரியாத அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் திரும்ப முடியுமோ என்று பிள்ளைகள் அஞ்சினார்கள். விடுதி மாணவர்களோடு, விடுதியில் இல்லாத பரீட்சார்த்திகள் சிலரும் இடம் கேட்டு வந்தார்கள். கிழக்குப் பாதி நனையாமல் இருந்ததால் அவர்களுக்கும் கட்டில் கொடுக்க முடிந்தது. சமையல் அம்மாக்கள் வீடு செல்லாமல் தங்கிநின்று புட்டும் பருப்பும் சம்பலும் செய்து போட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விடுதியின் காலம் முடிந்துவிட்டது, கட்டடத்தை வைபவ மண்டபமாக்கி வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்ற யோசனை எழுத்துமூலம் எனக்குக் கிடைத்திருக்கிறது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தாயிற்று, மற்றப் படகுத் துறைகளுக்கும் பாலம் வந்துவிட்டது, இனி யாருக்கு விடுதி என்று அதில் கேட்கப்பட்டுள்ளது. பாதைப் படகுக்குக் காத்திருந்து வந்து படித்த தலைமுறைக்கு இப்படித் தோன்றக்கூடும். ஆனால் விடிய முன்னர் பஸ் ஏறி இருட்டிய பின்னர் வீடு சேரும் பிள்ளை எப்போது படிப்பது? தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, பாட்டியோடு வளரும் பிள்ளைகள் நம் விடுதியில் இருக்கிறார்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உறங்கும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்னிரவுப் படிப்புக்கு ஒரு மேசை, ஒரு மின்விளக்கு, சந்தேகம் கேட்க ஒரு அண்ணன் என்பவை பாலத்தால் கிடைப்பதில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் மத்திய பாடசாலைகளை நாட்டுப்புறங்களில் அமைத்தபோது, புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் சேர்த்தே கொடுத்தார். கட்டணம் இல்லாத படிப்பு மட்டும் போதாது என்பது அன்றே தெரிந்திருந்தது. இந்த யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். சபை வாக்கெடுப்புக்கு விட்டாலும் எதிர்ப்பேன்.

சந்தா பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 1000 ரூபாய் என்பது இன்றைய விலைவாசியில் பெரிய தொகை அல்ல. ஒழுங்காகச் செலுத்துவோரில் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள், இரண்டு பேர் கடற்றொழில் செய்பவர்கள். கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் அங்கத்தவர்கள் விடுதிக் காலத்துப் படங்களைப் பகிர்ந்து, அந்த நாட்களை அன்போடு நினைவுகூர்கிறார்கள். அந்த அன்பு உண்மையானது என்று நம்புகிறேன். அவர்கள் உறங்கிய அதே கட்டில்களில்தான் இன்றைய பிள்ளைகள் உறங்குகிறார்கள், அவற்றின் கால்கள் துருப்பிடித்திருக்கின்றன. நகரத்திலேயே இருப்பவர்களுக்காகக் கூட்ட நேரத்தை ஞாயிறு காலையிலிருந்து மாலைக்கு மாற்றினோம். கேட்டவர்கள் மாலையிலும் வரவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு முன்னைய ஆண்டைவிடச் சற்றுக் கூடியது, செலவு அதைவிடக் கூடியது, கட்டட நிதியில் கையிருப்பு குறைந்திருக்கிறது. கடன் இல்லை.

அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும், கல்வி அலுவலகத்தினருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், கூரை வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்துதந்த தச்சருக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செய்ய வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. கூரையின் மேற்குப் பாதியும் பழையதே, அது இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று தச்சர் உறுதி சொல்லவில்லை. குளியலிடத்துக்கு இன்னொரு தண்ணீர்த் தாங்கி வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டக்கூடிய சிறு அலுமாரி வேண்டும். கையிருப்பில் இவற்றில் ஒன்றைத்தான் செய்யலாம். செயலாளர் பொறுப்பை இன்னும் ஓர் ஆண்டுக்கு ஏற்கத் தயாராக இருக்கிறேன், நிருவாகக் குழுவுக்குத் தெரிவாகிறவர்கள் கூட்டங்களுக்கு வருவோம் என்று இன்று சபையில் சொன்னால். ஒக்டோபரில் மழை தொடங்கும். ஓடுகளுக்கு ஆகஸ்ட் மாதத்துக்குள் முற்பணம் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் படிப்பறையில் இருப்பார், நிலுவைச் சந்தாவை இரண்டு தவணைகளில் செலுத்தவும் அவர் இணங்கியிருக்கிறார்.

செயலாளர்
திருகோணமலை