நீ கையால் மறைத்த படம்

அன்பு நண்பா,

அறிக்கைகளை மதிப்பாய்வு செய்யும் பொறுப்பிலிருந்து நேற்று விலகிவிட்டேன். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த காரணம் வேறு. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. கைபேசியில் இணையம் பார்க்க அன்று இருந்த ‘வாப்’ முறை குறித்து 2000-ஆம் ஆண்டு நீ எழுதிய அறிக்கையைப் பற்றி அதன்பிறகு நாம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

பன்னிரண்டாம் பக்கம். இடது ஓரத்தில் கைபேசி, நடுவில் கைபேசி வலையையும் இணையத்தையும் இணைக்கும் கேட்வே, வலது ஓரத்தில் வங்கியின் சர்வர். மூன்றையும் இணைத்து ஒரே கோடு, அதன் மேல் மறையாக்கத்தைக் குறிக்கும் ஒரே பூட்டு. என் சிவப்புப் பேனாவால் நடுப்பெட்டியை இரண்டு முறை குறுக்கே அடித்தேன். இரண்டாம் முறை தாள் கிழிந்தது. நீ எதுவும் பேசாமல் உள்ளங்கையை விரித்துப் படத்தின் மேல் வைத்தாய். நான் பேனாவை எடுக்கவில்லை. உன் சுண்டுவிரலில் சிவப்பாக ஒரு கீற்று விழுந்தது. கூட்டம் முடியும்வரை அதைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தாய்.

படம் தவறுதான். அதில் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைபேசியிலிருந்து கேட்வே வரை டபிள்யூடிஎல்எஸ் என்ற பூட்டு, அங்கிருந்து சர்வர் வரை எஸ்எஸ்எல் என்ற வேறொரு பூட்டு. ஒரு பூட்டைத் திறந்து மற்றொன்றைப் போடும் இடைவெளியில் கடவுச்சொல் கேட்வேயின் நினைவகத்தில் திறந்தபடி கிடக்கும். அந்த ஒற்றைப் பூட்டை நம்பி யாராவது பணப் பரிமாற்றம் நடத்தியிருந்தால்? கண்டும் காணாமல் விட என்னால் முடியாது. ஆனால் ‘இங்கே இரண்டு பூட்டு வேண்டும்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். தாளைக் கிழித்திருக்க வேண்டாம்.

அன்று அறையில் இருந்த சிலர் இதைப் படிக்கக்கூடும். யார் சிரித்தார்கள் என்று எழுதப் போவதில்லை.

என்னை உறுத்துவது படமல்ல, ஐந்தாம் பகுதி. கைபேசிக்கென்று தனி நெறிமுறைகள் (தரவுப் பரிமாற்ற விதிகள்) நிலைக்காது, கணினி இணையத்தில் வழக்கமான டிசிபியும் (தரவைக் கொண்டுசேர்க்கும் விதி) எச்டிடிபியுமே (வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் விதி) கைபேசிக்கும் வந்து சேரும் என்று எழுதியிருந்தாய். ‘வெறும் அனுமானம், நீக்கவும்’ என்று எழுதினேன். எனக்கும் காரணம் இருந்தது. நொடிக்கு 9,600 பிட் போகும் இணைப்பு அது. வானலையில் ஒரு பாக்கெட், அதாவது ஒரு தரவுத் துண்டு, சிதைந்து தொலைந்தாலும், டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். இதை உனக்கே பாடமாக நடத்தினேன், வெட்கமில்லாமல்! அதற்கான பதிலை நீ அடுத்த பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாய்: தொலைந்த பாக்கெட்டுகளை மட்டும் மறுபடி அனுப்ப வைக்கும் ஏற்பு முறை, பதிலுக்குக் காத்திராமல் அதிகத் தரவை அனுப்பவிடும் அகலமான சாளரம். அந்தப் பக்கத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

2002-இல் வெளியான வாப் 2.0-இல் டிசிபியும் எச்டிடிபியும் இடம்பிடித்தன. நீ சொன்ன ஏற்பு முறையும் அதில் இருந்தது. விவரக்குறிப்பைப் படித்த இரவு உன்னை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். எண்ணைச் சுழற்றவில்லை.

ஏன் என்று கேட்பாய். அறிக்கையின் இறுதி வடிவத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தாய். தட்டச்சுப் பிழை பார்த்தவருக்குக்கூட. என் பெயர் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு பூட்டுகள் இருந்தன, நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி. மூன்று இரவு கண்விழித்து நாற்பது பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்தவன் நான். சிரித்தவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவன் கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்தால், நினைத்துக்கொள்.

ஐந்தாம் பகுதி அந்த இறுதி வடிவத்தில் இல்லை. உன் கையாலேயே நீக்கியிருந்தாய். நீ என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாயோ என்ற எண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கிழிந்த பிரதி என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் பகுதி முழுதாக உள்ள பிரதி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த வாரம் உனக்கு அனுப்புகிறேன்.

படத்தின் மேல் கையை வைத்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். என்ன சொல்ல வந்தாய்?