கோழிக்கோடு இறுதி ஆட்டம்: பயண அறிவிப்பு

முன்னாள் மாணவர் கால்பந்துக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 7 அன்று கொச்சியில் ஆறு அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா கால்பந்துத் தொடரின் முதல் பருவம், வரும் 10.11.2024 ஞாயிறு இரவு கோழிக்கோடு இ.எம்.எஸ். மாநகராட்சி விளையாட்டரங்கில் காலிகட் எஃப்சியும் ஃபோர்கா கொச்சியும் மோதும் இறுதி ஆட்டத்துடன் நிறைவடைகிறது. உள்ளூர் இளைஞர்கள் சம்பளம் பெற்று ஆடுவதற்கென்று பக்கத்து மாநிலத்தில் ஒரு களம் உருவாகியிருக்கும்போது, அதைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துவிட்டு இருப்பது முறையாகாது என்று கருதுகிறேன்.

1. வேன், கோவை உக்கடம் பேருந்து நிலையத்தின் எதிரிலிருந்து காலை 11 மணிக்குப் புறப்படும். பாலக்காட்டில் ஏறுவோர் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

2. வருவோர் தம் பெயரையும் உடன் வருவோர் எண்ணிக்கையையும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் இக்குழுவிலேயே பதிவிட வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் அமர வேண்டுமென்பதால் அதன் பிறகே டிக்கெட் எடுக்கப்படும்.

3. கழுத்துப்பட்டி நைந்து, முதுகில் எண் பாதி உரிந்திருந்தாலும், நம் பழைய மஞ்சள் சட்டையையே அணிந்து வரவும்.

4. திரும்புவதற்குத் திங்கள் அதிகாலை ஆகிவிடும்.

வர இயலாதவர்களும் தவறாமல் பதில் அளிக்கவும்.

– ஒருங்கிணைப்பாளர்