ஓரம் வெட்டாத கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மறைந்த திறனாய்வாளர் ஐயாவின் புத்தகங்கள் நனைந்தபோது ஓடிவந்த குன்னூர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நனைந்த புத்தகத்துக்கு 48 மணி நேரம்தான் கெடு. பிறகு பூஞ்சை பிடித்துவிடும். அன்றிரவே மேசை ஃபேன்களைத் தூக்கிவந்த பக்கத்து வீட்டாருக்கு முதல் நன்றி. ஹீட்டர் கொண்டுவந்தவர்கள் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துப்போனதற்கும் நன்றி. சூடு பட்டால் அட்டை வளையும், காற்றோட்டம் போதும்.

கல்லூரிப் பிள்ளைகள் இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பழைய செய்தித்தாள் வைத்திருந்தால் மை ஒட்டியிருக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் மூடியபடி காய்ந்தால் கல்லாகிவிடும் என்றதும், விடிய விடிய அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார்களே, அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

கை எட்டாத மிச்சத்துக்கு ஐஸ்கிரீம் கடைக்காரர் டீப் ஃப்ரீசரை ஒழித்துக் கொடுத்தார். மைனஸ் 20 டிகிரியில் பூஞ்சை சாகாது, வளராமல் கிடக்கும். அவகாசம் கிடைத்தது. இரண்டு வாரத்தில் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் ஒழிந்தது, அது உபரி லாபம்.

பைண்டிங் அண்ணனுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். மறுபடி பைண்டு செய்தால் மூன்று ஓரத்தையும் கத்தியில் வெட்டுவது வழக்கம். ஐயா வாசித்த வாசிப்போ அந்த ஓரங்களில்தான் இருக்கிறது: அடிக்கோடு, கேள்விக்குறி, பல வருடம் கழித்து அதே பக்கத்தில் தன்னையே மறுத்து எழுதிய வரி. பேனாக் குறிப்புகள் பல கரைந்துபோயின; பென்சில் அசையவில்லை. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ உட்பட, சிற்றிதழ்களில் துருவேறிய கம்பிகளை நிமிர்த்திக் கழற்றி, பழைய துளை வழியாகவே நூல் கோத்துத் தைத்தார். ஓர் ஓரத்திலும் கத்தி படவில்லை.

தேயிலை ஃபேக்டரி நண்பர் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானி தந்தார். முள் 65 விழுக்காட்டைத் தாண்டினால் ஃபேன் போடுகிறோம். தச்சர் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்தினார். வசம்பு கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கு: அது பூச்சிக்குத்தான், பூஞ்சை அதற்கு மசியாது. ஆனாலும் துணியில் முடிந்து கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.

ஃப்ரீசரில் இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. சீசன் தொடங்குமுன் எடுத்துவிடுகிறோம், ஐஸ்கிரீம் கடை அண்ணே.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்கள்